ரத்தம் பார்க்காத ஆஸ்பத்திரி

ஹரிராமுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். பந்தடி ஐந்தாவது தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் மனைவி ஹம்சவேணியோடும் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்வப்னாவோடும் குடியிருந்தான். சுங்குடிச் சேலைகளைச் சாயப்பட்டறையில் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் போடுவதுதான் தொழில். வெளியூர் வியாபாரிகள் டவுன்ஹால் ரோட்டு லாட்ஜுகளில் வந்து இறங்கினால் மூட்டையை அறைக்கே தூக்கிக்கொண்டு போய் விரித்துக் காட்டுவான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆளும் லட்சணமாக இருப்பான்.

அப்படிப் போன இடத்தில்தான் அது ஆரம்பித்தது. சேலை பார்த்த ஒரு வியாபாரி, தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிட முடியுமா என்று கேட்டார். தேய்த்துவிட்டான். அவர் அதற்கு மேலும் கேட்டார். அது ஹரிராமுக்குப் புதிதும் இல்லை, பிடிக்காததும் இல்லை. தன் மனசு எந்தப் பக்கம் சாயும் என்பது கல்யாணத்துக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்குக் காசும் கிடைக்கும் என்பதுதான் அன்றைக்குப் புதிது. ஒரு வருடத்துக்குள் லாட்ஜ் ரூம்பாய்கள் எல்லாருக்கும் அவன் ‘மசாஜ் ஹரி’ ஆகிவிட்டான். அவனும், அதே வேலையைச் செய்துகொண்டிருந்த அவன் சிநேகிதன் சாய்பிரசாத்தும் தங்களுக்குள் அதை ‘ரூம் வேலை’ என்பார்கள். வீட்டில் கேட்டால் ஆர்டர் பிடிக்கப் போனேன் என்பான் ஹரிராம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எய்ட்ஸைப் பற்றிச் சுவரில் எழுதியிருந்தார்கள், பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஒருவனுக்கு ஒருத்தி என்ற வாசகம், பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். சாய்பிரசாத் அந்தப் படத்தைக் காட்டி, இது பெண்களிடம் போகிறவர்களுக்கு வருகிற வியாதி, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொன்னான். ஹரிராமுக்கு அது நியாயமாகவே பட்டது.

இருந்தாலும் இருவரும் தங்களுக்கென்று ஒரு பத்தியம் வைத்திருந்தார்கள். ஒல்லியான ஆளிடம் போவதில்லை. கன்னம் ஒட்டிப்போனவன், இருமுகிறவன் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். நல்ல சதைப்பிடிப்போடு, நகம் வெட்டி, நெற்றியில் விபூதி வைத்த குடும்பஸ்தன் என்றால் பயமில்லை. முடிந்ததும் டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவிக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு தடவை சிம்மக்கல்லில் அழகுமலை கம்பவுண்டரிடம் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் போட்டால் ஒன்றும் அண்டாது என்று அழகுமலை சொல்லியிருந்தார். ஊசி போட்ட இடம் வலிக்க வலிக்க ஹரிராமுக்குத் தைரியம் கூடும்.

அப்புறம் பேயாண்டி வந்தான். பேரையூர்ப் பக்கத்துக்காரன். ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கமும் பூங்காக்களிலும் ரூம் வேலைக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, ஆணுறை கொடுப்பது அவன் வேலை. அவனும் ஒரு காலத்தில் இதே வேலை செய்தவன்தான் என்பதால் அவனிடம் யாரும் கூச்சப்படவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை மூலமும் இது வரும், சொல்லப்போனால் இன்னும் சுலபமாக வரும், கழுவினால் போகாது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவன் விளக்கிச் சொன்னான். ஹரிராம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பேயாண்டி திரும்பக் கேட்டபோது ஒன்று விடாமல் சரியாகவும் சொன்னான். ஆனால் உறையை ஒல்லியான பார்ட்டிகளுக்கு மட்டும்தான் எடுத்தான். பழகிய ஆளிடம் எடுத்து நீட்டினால், ஏன் என்மேல் சந்தேகமா என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அப்புறம் கூப்பிட மாட்டார்கள்.

அப்படிப் பழகியவர்களில் ஒருவர் விளாங்குடி விஸ்வநாத். ஒரு பெரிய ஆபீஸில் அதிகாரி. நிறைந்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி. மற்றவர்கள் வேலை முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவார்கள். அவர் மட்டும் காபி வரவழைத்து, ஸ்வப்னாவின் படிப்பை விசாரிப்பார். அவர் கூப்பிடும் நாளில் ஹரிராம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போவான். அவரிடம் ஒருநாளும் உறையைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை. அதை எடுத்தால் அவரும் ஒரு பார்ட்டி என்று ஆகிவிடும் போல இருந்தது.

இப்படியே நாலைந்து வருடம் ஓடியது. அதற்குப் பிறகு சாய்பிரசாத்துக்குக் காய்ச்சல் வந்தது. அவன் கும்மென்று இருப்பான். நடந்தால் தொடை உரசும். தங்கள் பத்தியத்தின்படி பார்த்தால் ஊரிலேயே பயமில்லாத ஆள் அவன்தான். அந்த உடம்பு மூன்று மாதத்தில் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. தோப்பூர் ஆஸ்பத்திரிக்கு ஹரிராம் பார்க்கப் போனபோது, சாய்பிரசாத் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். ஹரிராம் நின்றுகொண்டே இருந்தான்.

“நம்ம ரெண்டு பேரும் பாத்தது ஒரே ஆளுகளத்தான் மாப்ள,” என்றான் சாய்பிரசாத். “நீ போயி ரத்தம் பாத்துரு.”

சாய்பிரசாத் செத்துப்போன வாரத்தில் ஹரிராம் பேயாண்டியைத் தேடிக்கொண்டு போனான். தன்னைப் பற்றிக் கேட்காமல், சும்மா பொதுவாகக் கேட்பதுபோல, கர்ப்பமான பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று கேட்டான். ஹம்சவேணிக்கு அப்போது ஐந்தாவது மாதம். பெரியாஸ்பத்திரியில் இப்போது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எச்.ஐ.வி. பார்க்கிறார்கள் என்று பேயாண்டி சொன்னான். தாய்க்கு இருப்பது தெரிந்தால் பிரசவத்தின்போது ஒரு மாத்திரை கொடுப்பார்கள், பிறந்த பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுப்பார்கள், பெரும்பாலும் பிள்ளை தப்பித்துவிடும் என்றும் சொன்னான். ஹரிராம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பேயாண்டி சொன்னதில் முதல் பாதிதான் அவன் மண்டைக்குள் நின்றது. அவள் கையில் ஊசி குத்தினால் தன் குட்டு வெளிப்பட்டுவிடும். அவளுக்கு வேறெங்கிருந்து வந்திருக்க முடியும்? அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பேர் பதிய வேண்டும் என்று ஹம்சவேணி பையை எடுத்து வைத்தபோது, அங்கே கூட்டம், தரையெல்லாம் ஈரம், வேறு இடம் பார்ப்போம் என்றான். ஸ்வப்னா அங்கேதானே பிறந்தாள் என்று அவள் கேட்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

முதலில் விளாங்குடியில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே இருந்த டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ அது வந்தது. ஹரிராம் போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், திரும்பி வந்து, அவசர வேலை என்று அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த வாரம் சிம்மக்கல்லில் இன்னொரு இடம். அங்கேயும் அதே கதை. நடுவில் தானாவது தனியாகப் போய் ரத்தம் கொடுத்துவிடலாம் என்று பெரியாஸ்பத்திரி வாசல்வரை போனான். பூக்கடையில் நின்றான், பழக்கடையில் நின்றான், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அந்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கன்னம் ஒட்டுகிறதா என்று கடைக் கண்ணாடிகளில் எல்லாம் பார்த்தான். அப்படியும் இரண்டு தடவை ரூம் வேலைக்குப் போனான். வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

கடைசியில் பரவையில் முத்துத்தாய் என்று ஒரு ரிடையரான நர்சம்மா வீட்டிலேயே பிரசவம் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். வயல்காட்டு ஜனங்கள் அவரிடம்தான் போவார்கள், டெஸ்ட் கிஸ்ட் என்று ஒன்றும் இல்லை என்றார்கள். ஹம்சவேணியைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனான். முத்துத்தாய் அவளுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து எல்லாம் விசாரித்தார். பிறகு ஹரிராமைப் பார்த்து, பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து முடித்துவிட்டு வந்தால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். காலம் மாறிவிட்டது, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார்.

இருவரும் மார்க்கெட் பக்கத்துப் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். நல்ல வெயில். வெங்காய மூட்டை இறக்குகிற லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஹம்சவேணி ஒரு காலிச் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். ஹரிராம் நாலடி இந்தப் பக்கமும் நாலடி அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தான். இரண்டு பஸ் வந்தன. இரண்டிலும் அவள் ஏறவில்லை. எதுக்காக இந்த அலைச்சல் என்று தெரியாமல் இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றாள்.

வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். பிறந்ததிலிருந்து அவளோடு அவன் வேறு பாஷையில் பேசியதே கிடையாது. அவள் அவனுக்கு அத்தை மகள்தான். ஆனால் ரூம் வேலையைப் பற்றிச் சொல்ல அந்தப் பாஷையில் அவனிடம் ஒரு வார்த்தை இல்லை. அதை அவன் அந்தப் பாஷையில் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதனால் தமிழில் சொன்னான். லாட்ஜைச் சொன்னான், ஆட்களைச் சொன்னான், சாய்பிரசாத் எதனால் செத்தான் என்பதைச் சொன்னான். பேயாண்டி சொன்னதையும், அந்த மாத்திரையையும்கூடச் சொல்லிவிட்டான். நின்றுகொண்டே, லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஹம்சவேணி அழவில்லை. ஆம்பளைகளோடா என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றான். அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரியவில்லை. பிறகு அவளும் தமிழிலேயே கேட்டாள்.

“மாத்திரை குடுத்தா புள்ளையக் காப்பாத்தலாம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“சாய் செத்த வாரமே தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய விளாங்குடிக்கும் பரவைக்கும் இழுத்துட்டு அலைஞ்சீங்களா?”

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பெண்கள் பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். இவன் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தான். ஆரப்பாளையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் கோரிப்பாளையம் பஸ்ஸில் ஏறினாள். அவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் முடிந்து எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலையில் வாங்கம்மா என்றார் வாட்ச்மேன்.

மறுநாள் அங்கே ஆலோசகராக இருந்த சாருலதா என்ற பெண் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹரிராம் பாதியை மறைத்துச் சொன்னான். அவள் மீதிப் பாதியைத் தோண்டிக் கேட்கவில்லை. என்னவாக இருந்தாலும் மூன்று மாதம் கழித்து உங்கள் மனைவிக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அதுவரைக்கும் உறை இல்லாமல் கூடாது என்று மட்டும் அழுத்திச் சொன்னாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிசல்ட் சொன்ன அன்று ஹம்சவேணி முதலில் உள்ளே போய்விட்டு வந்தாள். தனக்கு இல்லை என்றாள். ஹரிராம் போனான். அவன் திரும்பி வந்தபோது சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவன் வாய்விட்டுச் சொன்னான், எனக்கு இருக்கு என்று. ஸ்வப்னாவுக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டது என்று அவள் நடக்க ஆரம்பித்தாள்.

அவனை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் ஹரிராம் நினைத்தான். தினமும் சேலை மூட்டையோடு தெருவுக்குத் திரும்பும்போது மாடியில் துணி காய்கிறதா என்று முதலில் பார்ப்பான். அவள் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தன் பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டாள். அவன் தட்டையும் டம்ளரையும் மட்டும் பிரித்து வைக்கவில்லை. அதனால் ஒன்றும் வராது என்று சாருலதா சொன்னதை அவள் நம்பினாள். இவன்தான் நம்பாமல் தன் டம்ளரைத் தானே இரண்டு முறை கழுவினான்.

ரூம் வேலையை அவன் விட்டுவிட்டான் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கொஞ்ச நாள் விட்டான். ஒரு மழைக்காலத்தில் மனசு ஒருநிலையில் இல்லாமல் மறுபடியும் போனான். உறை இல்லாமல் முடியாது என்று கதவைத் திறந்ததுமே சொல்லிவிடுவான். பாதிப் பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் வாசனை ஹம்சவேணிக்குத் தெரிந்தது. அவள் அவனை உள்ளே விடாமல் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“உறை போட்டீங்களா?”

போட்டேன் என்றான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் போவது ரொம்பவும் குறைந்துவிட்டது. அந்தக் கேள்வியைத் தாண்டி வீட்டுக்குள் வருவது அவனுக்கு எளிதாக இல்லை.

இரண்டாவது தடவை பார்த்தபோதும் ஹம்சவேணிக்கு இல்லை என்றே வந்தது. பெரியாஸ்பத்திரியிலேயே பையன் பிறந்தான். மறு வருடம் ஹரிராமுக்கு அரசாங்க மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் மாதம் தலை சுற்றி, கெட்ட கனவாக வந்து, ராத்திரியெல்லாம் எழுந்து நடந்தான். அப்போதெல்லாம் விஸ்வநாத்தின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தனக்கு அவரிடமிருந்து வந்ததா, அவருக்குத் தன்னிடமிருந்து போனதா என்று யோசிப்பான். எதுவாக இருந்தாலும் அவரிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. போன் பண்ணினால் அவர் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலை மூட்டையோடு விளாங்குடிக்குப் போய் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். கதவைத் திறந்தது அவர் மனைவி நாகலக்ஷ்மி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், சுங்குடிச் சேலை என்றதும் சந்தோஷமாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளேயிருந்து விஸ்வநாத் வந்து எட்டிப் பார்த்தார். அந்த முகம் அப்படியே வெளுத்துப்போனது. சேலையெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஹரிராமைக் கேட்டுக்கு வெளியே தள்ளாத குறையாகக் கூட்டிவந்தார்.

“சார், எனக்கு இருக்குன்னு சொல்லிட்டாங்க,” என்றான் ஹரிராம். “நீங்க ரத்தம் பாருங்க. வீட்டம்மாவுக்கும் பாருங்க.”

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார். நீ யாரென்றே எனக்குத் தெரியாது, இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஹரிராம் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆரப்பாளையம் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஹம்சவேணியிடம் நடந்ததைச் சொன்னான். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. அவர் காபி வாங்கிக் கொடுப்பதைக்கூடச் சொன்னான். அவள் பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அந்த அம்மா எப்படி இருந்தாங்க என்றாள். நல்லவங்களாகத் தெரிந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள் என்றான். அவங்களுக்கு இது தெரியாதே என்று ஹம்சவேணி சொன்னாள்.

புதன்கிழமை, ஆபீஸுக்குப் போகிறவர்கள் எல்லாம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலைந்து சேலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று ஹரிராம் கேட்டான். விளாங்குடிக்கு என்றாள், அந்த வீட்டின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டாள். அவள் திரும்பி வரும்வரை அவன் சாயப்பட்டறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மத்தியானம் கடந்து அவள் வந்தபோது பையன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“என்ன சொன்ன?” என்று கேட்டான்.

“எனக்கு நடந்ததைச் சொன்னேன். உங்க பேரு, அவரு பேரு எதுவும் சொல்லல. புருசனுக்கு இருந்துச்சு, எனக்குத் தெரியாது, ரத்தம் பாத்ததால தப்பிச்சேன்னேன். பெரியாஸ்பத்திரில எல்லாருக்கும் பாப்பாங்க, சாருலதான்னு ஒரு பொண்ணு இருக்கு, நல்லாப் பேசும்னேன்.”

“அதுக்கு அவங்க?”

“ரத்தம் பாக்குறது எந்தக் கட்டடம்னு கேட்டாங்க,” என்றாள் ஹம்சவேணி. பையனை இறக்கித் தொட்டிலில் போட்டுவிட்டு, கை கழுவப் போனாள்.